கோகிலம், கோகிலா, கோகி: ஆயாவின் பெயருக்கு என்ன அர்த்தம்?

2023 செப்டம்பர் 9

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து பீனிக்ஸிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது: "டிசம்பர் கடைசியில் எனக்குப் பிரசவம். பெண் பிறந்தால் அம்மாவைப் பெற்ற ஆயாவின் பெயரை வைக்க ஆசை. ஆயா பெயர் கோகிலம். ஊரில் எல்லாருக்கும் கோகி. மாமியார் வீட்டில், அது தமிழ்ப் பெயரே இல்லை, மில்லில் வெள்ளைக்காரன் வாயில் நுழைவதற்காக வைத்தது, அர்த்தம் கிடையாது என்கிறார்கள். உண்மையா அக்கா?"

உண்மை இல்லை. கோகிலம் என்றால் குயில். கோகிலா, கோகிலாம்பாள், கோகிலவாணி எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது அந்தப் பறவைதான். வடமொழிக்காரன் காதில் 'கோகில' என்று விழுந்தது, தமிழன் காதில் 'குயில்' என்று விழுந்தது. இரண்டு சொல்லும் கூவுகிற சத்தத்திலிருந்து வந்தவை. பாடுகிற பெண்குயில் என்று பொருள் சொல்லிவிடுங்கள் உங்கள் மாமியாரிடம்.

கோகி என்பது வீட்டுச் சுருக்கம். லோகநாயகி லோகி ஆகவில்லையா, மோகனாம்பாள் மோகி ஆகவில்லையா, அதே வழி. என் ஆயாவும் கோகிலம்தான். மவுண்ட் எட்ஜ்கோம் கரும்புத் தோட்டத்து பாரக்ஸில், அதாவது கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவள். சாட்ஸ்வொர்த்தில் நான் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளின் பெயர்கள் இப்போது வேறு மாதிரி. ஆனால் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் ஆயாக்களில் ஒரு கோகி இல்லாத வருஷம் எனக்கு நினைவில்லை.

2023 செப்டம்பர் 10

எழுத்துக்கூட்டலைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நம் ஊர்ச் சான்றிதழில் இந்தப் பெயருக்கு ஆங்கிலத்தில் முதல் எழுத்து 'கே', நடுவில் 'ஜி'. இந்தியாவில் இரண்டு இடத்திலும் 'கே' போடுகிறார்கள். அதனால் நம்முடையது தப்பு, குமாஸ்தா செய்த பிழை என்று என் பெரியப்பா மகன் வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறான். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது அப்படி நினைக்கவில்லை. தமிழில் 'க' சொல்லின் முதலில் வந்தால் அழுத்தமாக ஒலிக்கும், இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் மெலிந்துவிடும். 'கடல்' சொல்லிப் பாருங்கள், அப்புறம் 'பகல்' சொல்லிப் பாருங்கள். ஒரே எழுத்து, இரண்டு ஒலி. தமிழ் வாய்க்கு இந்தப் பெயரில் முதல் ககரம் வன்மை, இரண்டாவது மென்மை. இந்தியாவில் வடமொழி எழுத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதினார்கள். இங்கே எழுதியவனுக்குத் தமிழும் தெரியாது, வடமொழியும் தெரியாது. எதிரில் நின்ற தாய் சொன்னது அவன் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினான்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் வந்து நின்றதில் ஆரம்பித்து 1911 வரை டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் இருக்கும் தழும்பு வரைக்கும் பட்டியலில் ஏறியது. அந்தப் பக்கங்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், பெயர்கள் என்ன பாடு பட்டிருக்கின்றன என்று. கவுண்டர் கோவெண்டர் ஆனதும் முதலி மூட்லி ஆனதும் அந்த வழியில்தான். அப்படிப்பட்ட காது இந்த ஒரு பெயரைச் சரியாகவே கேட்டிருக்கிறது. இதை நான் திருத்த மாட்டேன்.

2023 செப்டம்பர் 16

கோகிலமா, கோகிலாவா?

இரண்டும் சரி, ஆனால் காலம் வேறு. ஆயாக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: மரகதம், கனகம், பவளம், பாக்கியம், கமலம், பங்கஜம், அம்புஜம், கோகிலம். எல்லாம் 'அம்' என்று முடிகின்றன. பொன், மணி, பூ, பறவை என்று ஒரு பொருளின் பெயரை அப்படியே பெண்ணுக்கு வைக்கிற பழக்கம் அது. மரகதம் என்றால் பச்சைக்கல், அந்தக் கல்தான் பெண். பிற்பாடு வந்த தலைமுறைக்கு 'அம்' கிழவி பெயராகத் தோன்ற, கமலம் கமலா ஆனாள், கோகிலம் கோகிலா ஆனாள்.

எங்கள் குடும்பத்திலும் அதே வரிசை. ஆயாவின் பாட்டி முனியம்மா, அவளுடைய மகள் மாரியம்மா, மாரியம்மாவின் மூத்த மகள் கோகிலம். என் தங்கை கோகிலா. தங்கைக்கு ஆயா பெயரைத்தான் வைத்தோம் என்று அம்மா சொல்வாள். ஆனால் அந்த 'ம்' போய்விட்டது. ஆயா கடைசி வரை தங்கையையும் கோகிலம் என்றே கூப்பிட்டாள்.

'அம்' வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. உதட்டை மூடி முடிக்கிற பெயருக்கு ஒரு கனம் இருக்கிறது.

2023 செப்டம்பர் 17

முதல் நாள் எழுதியதில் ஒரு பிழை. 'பாடுகிற பெண்குயில்' என்று எழுதிவிட்டேன். பறவைகளைப் பார்க்கிற ஒரு தம்பி வெர்லமிலிருந்து திருத்தியிருக்கிறார். நாம் குயில்பாட்டு என்று சொல்வது ஆண் கூவுவது. அது கறுப்பு. பெட்டை பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதற்கும் குரல் உண்டு, ஆனால் 'கிக் கிக் கிக்' என்று கத்தும். அவர் சொன்னதுதான் சரி.

ஆக, பெண்ணுக்கு வைக்கும் பெயர், ஆண் பறவையின் பாட்டு. இது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. யோசிக்கிறேன்.

2023 அக்டோபர் 1

இந்தப் பெயர் ஆகாது என்று ஒரு பெரியம்மா எழுதியிருக்கிறார். குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இட்டுவிட்டுப் போய்விடும், குஞ்சை வளர்க்காது, பெண் குழந்தைக்கு அந்தப் பெயர் வைத்தால் பிள்ளைப்பாசம் இருக்காதாம். தங்கச்சி பயந்துபோய்த் தனியாகக் கேட்டிருக்கிறாள். அதனால் இதற்கு நான் நேராகவே பதில் சொல்ல வேண்டும்.

முட்டை விஷயம் உண்மை. அது இன்று நேற்று தெரிந்ததும் இல்லை. குயிலுக்குப் 'பரபுட்டம்' என்றே ஒரு பெயர் நம் நிகண்டுகளில் இருக்கிறது. பிறரால் வளர்க்கப்பட்டது என்று அர்த்தம். தெரிந்துதான் பெண்களுக்கு அந்தப் பறவையின் பெயரை வைத்தார்கள்.

என் ஆயா பெற்றது எட்டு. வளர்த்தது பதினொன்று. 1960-களில், இனவாரியாகப் பிரித்துக் குடிவைக்கிற குரூப் ஏரியாஸ் சட்டத்தால் ஜனங்களை லாரியில் ஏற்றி சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து இறக்கிய காலம். பக்கத்து வீட்டில் ஒரு தாய் காசநோயில் போய்விட்டாள். மூன்று பிள்ளைகள். தகப்பன் ஆறு மாதம் பார்த்தான், அப்புறம் ஆளைக் காணவில்லை. அந்த மூன்றும் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தன. அதில் கடைசிப் பையன்தான் ஆயாவுக்குக் கொள்ளி வைத்த மூன்று பேரில் ஒருவர், எனக்கு மாமா. குயில் பெயரை வைத்துக்கொண்டு ஆயுசெல்லாம் காக்கையின் வேலையைச் செய்தாள் ஆயா.

பயப்படாதே தங்கச்சி. பெயரால் பாசம் குறையாது.

2023 அக்டோபர் 2

திருத்தம்: ஆயாவைப் புதைத்தார்கள், எரிக்கவில்லை. 'கொள்ளி வைத்த' என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். மண் போட்ட மூன்று பேரில் ஒருவர் என்று படித்துக்கொள்ளுங்கள்.

2023 அக்டோபர் 8

"கறுப்பாகப் பிறந்தால் குயில் என்று வைப்பார்கள், வேறொன்றும் இல்லை." இப்படி ஒருவர் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆயா கறுப்புதான். நல்ல கறுப்பு. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, "பெயர்ப் பொருத்தம் பார்க்கவே வேண்டாம்" என்றாளாம். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்களாம், தாத்தாவைத் தவிர. ஆயா இதை எனக்குச் சொன்னபோது அவளுக்கு எழுபது வயது. முறத்தில் பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணை முறத்திலிருந்து எடுக்கவே இல்லை. ஐம்பது வருஷம் கழித்தும் அந்த அத்தையின் குரலை அப்படியே பிடித்துக் காட்டினாள்.

ஆகவே அந்த ஒரு வரியை என்னால் சும்மா விட முடியவில்லை.

குறுந்தொகையில் 192-ஆவது பாட்டு. பாடியவர் ஒரு பெண், கச்சிப்பேட்டு நன்னாகையார். போனவன் திரும்பவில்லை. வருவான், அழாதே என்கிறாள் தோழி. அழாமல் எப்படி இருப்பேன் என்கிறாள் இவள். பருவம் வந்துவிட்டது, கருங்குயில் மாமரக் கிளையில் பூந்தாதைக் கொத்துகிறது. அதன் கறுப்பு உடம்பில் மஞ்சள் தாது ஒட்டியிருப்பதற்கு அவர் சொன்ன உவமை, 'பொன்னின் உரை திகழ் கட்டளை'. கட்டளை என்றால் தட்டான் கையில் இருக்கும் உரைகல். பொன்னை உரசிப் பார்த்த கோடு மின்னுகிற கறுப்புக் கல்.

கறுப்பு இங்கே குறையாக வரவில்லை. பொன்னை மாற்றுப் பார்க்கிற கல்லாக வருகிறது. வெள்ளைக் கல்லில் பொன்னை உரசிப் பார்க்க முடியாது.

இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் கண்ணில் நிற்கும். காவடிக்கு முந்தின நாள் ஆயா அம்மியில் மஞ்சள் அரைப்பாள். குழவி முன்னும் பின்னும் போக, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மஞ்சள் தெறித்துக் கோடாக இழுத்திருக்கும். கழுவினாலும் இரண்டு நாள் போகாது. அந்தக் கறுப்புக் கையில் அது எப்படி மின்னும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

2023 அக்டோபர் 22

இன்று விடியற்காலை நாலே முக்காலுக்கு எழுப்பிவிட்டது. மூன்று சுரம், மேலிருந்து கீழே இறங்கும், நிறுத்தாமல் அதையே சொல்லும். நம் எல்லாருக்கும் தெரிந்த பறவைதான். ஆப்பிரிக்கான்ஸில் பீட்-மை-ஃப்ரௌ என்பார்கள். ஜூலுவில் உபெசுகொம்கோனோ. அது கூவினால் உழவுக்கு மண்வெட்டியைத் தோளில் போடு என்று அர்த்தம் சொல்வார்கள்.

அதுவும் குயில் இனம்தான், வெர்லம் தம்பியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். வேறு சின்னப் பறவையின் கூட்டில் முட்டையிடும். செப்டம்பர், அக்டோபரில் வடக்கிலிருந்து வந்து, கோடை முடிந்ததும் போய்விடும். ஆனால் அது நம் பெயரில் இருக்கும் குயில் இல்லை. கோகிலம் என்கிற அந்தப் பறவை இந்த நாட்டிலேயே கிடையாது.

இதை எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது. ஆயா பிறந்தது மவுண்ட் எட்ஜ்கோமில். இறந்தது சாட்ஸ்வொர்த்தில். இந்தியா போனதே இல்லை. தன் பெயருக்கு உரிய பறவையின் குரலை அவள் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. எனக்கு 61 வயது, நானும் கேட்டதில்லை. சினிமாப் பாட்டில் கேட்டதெல்லாம் சேராது.

இன்னொன்று. இந்திய மைனா இங்கே வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சாம்பல் கழுத்துக் காக்கை 1970-களில் டர்பன் துறைமுகப் பக்கம் கப்பலோடு வந்து இறங்கியது. குயில் முட்டையிடுகிற கூடு அந்தக் காக்கையின் கூடுதான். கூடு வந்துவிட்டது, குயில் வரவில்லை.

2023 நவம்பர் 13

நேற்று தீபாவளிக்கு எல்லாரும் சின்ன ஆயா வீட்டில். ஆயாவின் தங்கை, 90 வயது, டோங்காட்டில் மகனோடு இருக்கிறாள். நினைவு பளிச்சென்று இருக்கிறது. பெயரைப் பற்றிக் கேட்டேன். குயிலும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

"குருக்கள் 'கோ' என்று எழுத்து கொடுத்தார். அக்கா புனர்பூசம்."

இத்தனை நாள் பறவையைத் துரத்திக்கொண்டிருந்தேன், இது தோன்றவே இல்லை. நம் வீடுகளில் குழந்தை பிறந்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடுகிறோம், பஞ்சாங்கம் பார்த்து நட்சத்திரத்துக்கும் பாதத்துக்கும் உரிய எழுத்தைச் சொல்கிறார்கள், அதில் பெயர் தேடுகிறோம். புனர்பூசத்துக்கு நான்கு எழுத்து: கே, கோ, ஹ, ஹி. இரண்டாம் பாதம் 'கோ'. தென்னாப்பிரிக்காவில் இத்தனை கோகி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். 'கோ' வந்தால் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? கோமதி, கோமளம், கோகிலம். வேறு சட்டென்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

2023 நவம்பர் 14

கோதை, கோதாவரி, கோசலை. சொல்லிவிட்டீர்கள். சரி.

ஆனால் ஒன்று கவனியுங்கள். சதயத்துக்கும் 'கோ' உண்டு. அது மெலிந்த 'கோ', கோபாலனில் வருகிறதே, அது. புனர்பூசத்தின் 'கோ' வன்மை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. கோமதி சதயத்துக்குப் போகும், கோகிலம் புனர்பூசத்துக்குப் போகும். சான்றிதழில் முதல் எழுத்து ஆங்கில 'கே' என்று இருப்பதால் சின்ன ஆயா சொன்ன நட்சத்திரத்தோடு அது ஒத்துப்போகிறது.

2023 நவம்பர் 26

எழுத்துக் கதையோடு திருப்தி வரவில்லை. 'கோ'வில் இத்தனை பெயர் இருக்க, ஏன் கோகிலம்?

சின்ன ஆயாவுக்கு மறுபடி போன் போட்டேன். பெயரைச் சொன்னது பாட்டி முனியம்மா என்றாள். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. முனியம்மாவின் கப்பல் பட்டியல் நகல் என்னிடம் இருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா. மாயவரம் என்பது இன்றைய மயிலாடுதுறை. அங்கே குத்தாலத்துக்குப் பக்கத்தில் திருமணஞ்சேரி இருக்கிறது. கல்யாணம் ஆகாதவர்கள் போய் மாலை சாத்தி வேண்டிக்கொள்ளும் கோயில். அந்த அம்பாளின் பெயர் கோகிலாம்பாள்.

ஒரே தாலுகா என்பதால் மட்டும் இதை முடிவாகச் சொல்லக் கூடாது. ஆனால் பதினேழு, பதினெட்டு வயதில் அந்தப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறிய பெண்ணுக்கு, 'கோ' என்று எழுத்து வந்ததும் எந்தப் பெயர் முதலில் நாக்கில் வந்திருக்கும்? எழுத்தைக் குருக்கள் கொடுத்தார், பெயரைப் பாட்டி கொடுத்தாள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. அந்த அம்பாளுக்குத் தமிழிலும் ஒரு பெயர் உண்டு: யாழின் மென்மொழியம்மை. வடமொழிப் பெயர் குயில் என்கிறது, தமிழ்ப் பெயர் யாழ் என்கிறது. பறவையும் இல்லை, நரம்புக் கருவியும் இல்லை, இரண்டும் சொல்வது அவள் பேச்சை. கோகிலம் என்றால் குயில் என்று முதல் நாள் எழுதினேன். அதைக் கொஞ்சம் மாற்றுகிறேன். கோகிலம் என்றால் குரல். ஆண் பறவையின் பாட்டைப் பெண்ணுக்கு வைத்தது எப்படி என்று செப்டம்பரில் உறுத்தியது, இப்போது உறுத்தவில்லை. பறவையின் பெயரை எடுத்தது குரலுக்காக.

2024 ஜனவரி 3

தங்கச்சிக்குப் புத்தாண்டு அன்று காலையில் பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். வாழ்த்தியவர்களுக்கெல்லாம் சார்பாக நானும் வாழ்த்துகிறேன்.

பிரச்சினை: பூரம் முதல் பாதம். எழுத்து 'மோ'. மாமியார் வீட்டில் மோகனா என்று முடிவு செய்துவிட்டார்களாம், சுருக்கினால் மோகி. இவள் அழுதுகொண்டு எழுதியிருக்கிறாள்.

அழ வேண்டாம். நம் ஆட்களுக்கு எப்போதும் ஒன்றுக்கு மேல் பெயர் இருந்திருக்கிறது. நட்சத்திர எழுத்துப் பெயரைப் பதினாறாம் நாள் காதில் மூன்று தடவை சொல்லட்டும். அர்ச்சனைக்கு அந்தப் பெயர் போதும். சான்றிதழில் கோகிலம். என் அப்பாவுக்கு காதில் சொன்ன பெயர் வேறு, சான்றிதழ் பெயர் வேறு, மில்லில் கூப்பிட்டது வேறு, அதனால் ஒரு குறையும் வரவில்லை. உங்கள் மாமியாரிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். அவர் பேத்தி மேல் ஆசையில்தான் எழுத்தைப் பார்க்கிறார்.

2024 ஜனவரி 19

இரண்டு பெயரும் வைத்துவிட்டார்கள். சான்றிதழில் கோகிலம், நடுவில் 'ஜி', கடைசியில் 'எம்'.

2024 ஏப்ரல் 3

மயிலாடுதுறையிலிருந்து எழுதுகிறேன். ரொம்ப நாள் ஆசை, இந்த வருஷம் பென்ஷன் பணத்தில் வந்துவிட்டேன்.

லாட்ஜ் பின்பக்கம் ஒரு வேப்பமரம். காலையில் ஐந்து மணி இருக்கும், இன்னும் இருட்டு. முதலில் தாழ்ந்த குரலில் ஒரு 'கூ'. அப்புறம் அதற்கு ஒரு படி மேலே. அப்புறம் இன்னும் மேலே. ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போகிறது, இனி ஏற முடியாது என்கிற இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. கொஞ்சம் மௌனம். மறுபடி கீழேயிருந்து. நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். போனை எடுத்து ஜன்னல் கம்பியில் வைத்துப் பதிவு செய்தேன். கை நடுங்கியதில் கம்பியில் இடித்த சத்தமும் அதில் விழுந்திருக்கிறது.

விடிந்ததும் பார்த்தேன். ஆண் தெரியவில்லை, இலைக்குள் இருந்தது. பெட்டையைப் பார்த்தேன். பழுப்பு உடம்பு, அரிசி இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளி, ரத்தச் சிவப்பில் கண். என்னைப் பார்த்ததும் 'கிக் கிக்' என்று கத்திக்கொண்டு பறந்தது.

திருமணஞ்சேரிக்கும் போனேன். சரியான கூட்டம், எல்லாம் கல்யாணத்துக்கு வேண்டிக்கொள்ள வந்த பிள்ளைகள், கையில் மாலை. அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது பெயர் நட்சத்திரம் கேட்டார்கள். கோகிலம், புனர்பூசம் என்று சொன்னேன். எத்தனை வயது என்றார் குருக்கள். ஆயா போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது என்று சொன்னேன். ஒரு நிமிஷம் தயங்கினார். அப்புறம், "அம்பாள் பெயர்தானே, சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

2024 ஏப்ரல் 21

டோங்காட் போய்ப் பதிவைச் சின்ன ஆயாவுக்குப் போட்டுக் காட்டினேன். காது சரியாகக் கேட்காது, போனைக் காதோடு ஒட்டிவைத்தேன். எதுவும் சொல்லாமல் கேட்டாள். மறுபடி போடு என்றாள். மூன்றாவது தடவை போடும்போது, "இது பாட்டி கூப்பிடுகிறது" என்றாள்.

என்னவென்று கேட்டேன். கரும்புக் காட்டில் வேலை முடியும் நேரம், பிள்ளைகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாது, கரும்பு ஆள் உயரத்துக்கு மேல். முனியம்மாப் பாட்டி வரப்பில் நின்று 'கூ' என்று ஆரம்பித்து, பதில் வரும் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் குரலை ஏற்றிக்கொண்டே போவாளாம். பிள்ளைகள் 'கூ' என்று பதில் கொடுக்க வேண்டும். அப்படியே எங்கள் ஆயாவும் எங்களைக் கூப்பிடுவாள், சாட்ஸ்வொர்த் வீட்டுக் கொல்லைக் கதவில் நின்று, தெரு முனை வரை கேட்கும். எனக்கு அது மறந்தே போய்விட்டது. சின்ன ஆயா சொன்னதும்தான் காதில் வந்தது.

எல்லா ஊரிலும் மனிதர்கள் 'கூ' என்றுதான் கூப்பிடுவார்கள், குயிலிடம் கற்க வேண்டியதில்லை என்று யாராவது எழுதுவீர்கள். சரிதான். கூவு, கூக்குரல், கூப்பிடு, கூப்பிடு தூரம், தமிழிலேயே எல்லாம் அந்த ஒரு 'கூ'விலிருந்து வந்தவை. ஆனால் ஒவ்வொரு படியாக ஏற்றி, உச்சியில் நிறுத்தி, கொஞ்சம் காத்திருந்து மறுபடி கீழேயிருந்து ஆரம்பிக்கிறது, அதை எங்கே கற்றாள்? மாயவரம் பக்கத்தில் பதினெட்டு வருஷம் பங்குனியும் சித்திரையும் கேட்டு வளர்ந்தவள் அவள்.

அக்டோபரில், ஆயா அந்தக் குரலை ஒரு தடவை கூடக் கேட்டதில்லை என்று எழுதினேன். அந்த வரியை எடுத்துவிடுகிறேன்.

2024 மே 5

ஆயாவின் கல்லறைக்குப் புதுக் கல் வைக்கிறோம். தாத்தா தன் கையால் ஈரச் சிமெண்ட்டில் ஆணியால் எழுதின பழைய பலகை வெடித்துவிட்டது. பெரியப்பா மகன் ஆங்கிலத்தில் 'கோகிலா' என்று இரண்டு 'கே' போட்டுச் சரியாக எழுத வேண்டும் என்றான். செப்டம்பரிலிருந்து எழுதியதையெல்லாம் அவனுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மேலே தமிழில் 'கோகிலம்', கீழே சான்றிதழில் இருக்கிற மாதிரியே ஆங்கிலம் என்பதற்குச் சம்மதித்தான். பழைய பலகையை அவன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான்.

கல் வெட்டுகிறவரிடம் தமிழ் எழுத்து அச்சு இல்லை. நான் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். முன்னால் நிற்கும் கொம்பு தனி எழுத்தா என்று கேட்டார். இல்லை, கொம்பும் 'க'வும் காலும் சேர்ந்துதான் 'கோ' என்று காட்டினேன்.

இன்று போய்ப் பார்த்தேன். கொம்பு கொஞ்சம் அகலமாகிவிட்டது, 'கி'யின் கொக்கி அழகாக விழுந்திருக்கிறது. 'ம்' மேல் புள்ளி இல்லை. செவ்வாய்க்கிழமை வந்து வைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.